புதுச் சின்ன உழவு இயந்திரத்தை முதல் வருடமே கடுமையாக வேலை வாங்கலாமா?

போரதீவுப்பற்று உழவன்:

நவகிரிக் குளத்து நீர் பாயும் வட்டையில் வயல் செய்கிறேன். சென்ற பெரும்போகத்துக்குச் சற்று முன்னர், 26 குதிரைவலுக் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன உழவு இயந்திரம் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் அதனோடு கழிந்துவிட்டன. எடுத்த நாள் தொட்டு ஊரில் கேட்ட அறிவுரை ஒன்றே ஒன்று: "புது மெசின், முதல் வருடம் பொத்திப் பொத்தி ஓட்டு. கூலி உழவுக்கு விட்டுவிடாதே." அந்த அறிவுரை பிழை என்பது என் முடிவு. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

நம் பகுதியில் உழவு என்பது வருடம் முழுவதும் பரவிக் கிடக்கிற வேலை இல்லை. ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி குறித்துவிட்டால் வட்டை முழுவதையும் சில வாரங்களுக்குள் உழுது, பலகையடித்து, விதைத்துவிட வேண்டும். வயலுக்கு நீர் பகிர்கிற வட்டவிதானை வாய்க்காலைத் திறந்த பிறகு, உன் மெசின் புதிதா பழையதா என்று எவரும் கேட்கப் போவதில்லை. லீசிங் தவணை மாதாமாதம் வருகிறது. மெசின் உழைப்பதோ அந்த வாரங்களில்தான். அப்போதும் கொட்டகையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பதற்கு எதற்கு வாங்க வேண்டும்?

ஆகவே விடிவதற்கு முன்னர் இறக்கி, இரவில் விளக்குப் போட்டும் உழுதேன். பெரும்போகத்தில் புழுதி உழவு, சிறுபோகத்தில் சேற்று உழவு, இரண்டுக்கும் ரொட்டவேட்டர். இடையில் அறுவடைக்குப் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டி நெல் மூடையும் ஏற்றினேன். எஞ்சின் ஒயில் குறையவில்லை, புகைக்கவில்லை. கியர்ப் பெட்டியின் சத்தமும் மாறவில்லை.

பழுது வந்ததெல்லாம் சில்லறை இடங்களில். முதல் வாரத்திலேயே பின் சக்கர நட்டுகள் இளகின. கொஞ்ச நாளில் காற்றாடிப் பெல்ட் தொய்ந்தது. இவை இரண்டும் புது மெசினில் எதிர்பார்க்க வேண்டியவை. பிறகு, இருக்கைக்கு அடியில் இருக்கிற பாதுகாப்புச் சுவிட்சின் வயர் இணைப்புக்குள் சேற்று நீர் போய்விட்டது. சாரதி எழுந்துவிட்டான் என்று மெசின் எண்ணிக்கொண்டு, நான் இருக்கையில் இருக்கும்போதே வயல் நடுவில் நின்றது. இணைப்பைக் கழற்றித் துடைத்து, காய வைத்து, கிறீஸ் பூசிப் பூட்டியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

பெரியது கடைசியில் வந்தது. வலது முன் சக்கரத்தின் உட்புறத்தில் ஒயில் கசிவு. கராஜில் கழற்றியபோது ஒயில் நீர் கலந்து பால் தேநீர் நிறத்தில் வழிந்தது. ஒயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையமான சீல் இருக்கிற இடத்தைச் சுற்றி உரப்பையின் வெள்ளை நைலோன் இழை. சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, ஒரு வளையமாகவே ஆகியிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். சீலின் ரப்பர் உதட்டில் அந்த இழை அறுத்த தடம் விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டது.

இப்போது சொல்லுங்கள்: இதில் எது கடுமையாக உழுததால் வந்த பழுது? மெசினை மெதுவாக ஓட்டியிருந்தால் அந்த உரப்பை இழை சுற்றாமல் இருந்திருக்குமா?

நிந்தவூர் வட்டை:

தம்பி, உங்கள் மெசின் நன்றாக ஓடுவது சந்தோஷம். ஆனால் ஒரு மெசினை வைத்து ஊர் அறிவுரையைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. வாப்பா காலத்து மெசி பெர்குசன் 135 எங்கள் வீட்டில் இன்றும் உழுகிறது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர். அடி வேகத்தில் ஊன்றி இழுக்கும். உங்களுடைய சின்ன மெசினின் எஞ்சின் அதில் பாதி அளவுதான் இருக்கும். அதே வேலையைச் செய்ய அது கத்திக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கிறது. கத்துகிற எஞ்சின் எத்தனை வருடம் தாங்கும்? எங்கள் பக்கம் இப்படியான மெசின் வைத்திருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்து, பெரிய கியரில் போட்டு மெதுவாகத்தான் உழுகிறார்கள்.

சம்மாந்துறைக் கராஜ்:

காக்கா, மெசி 135 பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அது நிமிடத்துக்கு 2,250 சுற்றில் முழு வலுவைத் தரும்படி செய்த எஞ்சின். கீழே இறக்கினாலும் இழுக்கும். ஆனால் அந்தப் பழக்கத்தைச் சின்ன மெசினுக்குக் கொண்டுவருவதுதான் அதைக் கெடுக்கிறது. கராஜுக்கு வருகிறவற்றில் இதை நான் நிறையப் பார்க்கிறேன்.

சின்ன எஞ்சின் சுற்றில்தான் வலுவைத் தருகிறது. ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று வர, எஞ்சின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று மீற்றரிலேயே குறி போட்டிருப்பார்கள். பெரும்பாலான சின்ன மெசின்களில் அது 2,400க்கும் 2,700க்கும் இடையில் இருக்கும். அந்தக் குறியில் வைத்துச் சின்ன கியரில் உழுதால் எஞ்சினுக்கு அது இயல்பான வேலை. சத்தம் காதுக்குத்தான் பயம் தருகிறது. சுற்றைப் பாதியாக இறக்கிப் பெரிய கியரில் இழுக்கும்போதுதான் எஞ்சின் திணறுகிறது. கறுப்புப் புகை வரும், சூடு ஏறும், தாங்கிகளில் ஒயில் அழுத்தம் குறைந்த நேரத்தில் சுமை கூடும். கேட்பதற்கு அமைதியாக இருக்கிற அந்த ஓட்டம்தான் மோசமானது.

புது எஞ்சினுக்குச் சுமை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு உரசிப் பொருந்துவதற்கு உள்ளே அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் சுமையோடுதான் வரும். புது மெசினை மணிக்கணக்கில் சும்மா உறும விட்டு, பாரமில்லாமல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தால் சுவர் வழுவழுத்துப் போய்விடும். அதற்குப் பிறகு வளையம் பொருந்தாது, எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும். அதற்காக முதல் நாளே முழுப் பாரத்தில் நாள் முழுவதும் நசுக்கவும் கூடாது. முதல் 50 மணித்தியாலத்தில் சுமையைக் கூட்டிக் குறைத்து, சுற்றையும் மாற்றி மாற்றி உழுங்கள். வயலில் தலைமாட்டுக்குத் தலைமாடு திரும்பும்போது அது தானாகவே நடக்கிறது.

50 மணித்தியாலம் ஓடியதும் செய்கிற முதல் சேவையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடாதீர்கள். எஞ்சின் ஒயில் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது ஹைட்ரோலிக் பில்டரை. நிறையச் சின்ன மெசின்களில் கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். தொழிற்சாலையில் மிஞ்சிய இரும்புத் தூள், வார்ப்பு மணல், ஒட்டுப்பசைத் துண்டு எல்லாம் முதல் மணித்தியாலங்களில் கழுவப்பட்டு அந்தப் பில்டரில் வந்து நிற்கின்றன. முதல் பில்டரை வெட்டிப் பார்த்தால் மடிப்புகளுக்கு நடுவில் வெள்ளித் தூள் மினுங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, முதல் பில்டரில் அது இருக்கத்தான் செய்யும். இரண்டாம் பில்டரிலும் அதே அளவு இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கரடியனாற்று மானாவாரி:

எங்கள் பக்கம் பெரும்போகம் மானாவாரிதான். மழைக்கு முன்னர் செப்டெம்பர், ஒக்டோபரில் புழுதி உழுது வைத்தால்தான் விதைக்கலாம். அந்தப் புழுதியைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. முன்னால் போகிற மெசின் தெரியாது, விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும்.

போரதீவு அண்ணன் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உழைப்பு எஞ்சினைக் கொல்லாது, புழுதி கொல்லும். இங்கே ஒருவருடைய மெசின் இரண்டாம் போகத்திலேயே நீலப் புகை கக்கியது. எல்லோரும் மெசின் தரமில்லை என்றார்கள். திறந்து பார்த்தால் காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர்க் குழாயின் இறுக்கு வளையம் இளகி, அந்த இடைவெளியால் புழுதி நேரே சிலிண்டருக்குப் போயிருந்தது. வடிகட்டி சுத்தமாக இருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் வடிகட்டியைத்தான் தட்டித் தட்டித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

சம்மாந்துறைக் கராஜ்:

மிகச் சரி. தட்டுவதும் கூடாது. தட்டினால் தாள் மடிப்பு கிழியும், இல்லையென்றால் ஓரத்து ரப்பர் நெளியும். காற்று அடிப்பதென்றால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசு தாளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடைக்கும். உள்ளே இரண்டாவதாக ஒரு சின்ன வடிகட்டி இருந்தால் வயலில் வைத்து அதைத் தொடவே தொடாதீர்கள். அது வெளி வடிகட்டி கிழிந்தால் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. வடிகட்டிப் பெட்டியின் அடியில் தொங்குகிற ரப்பர் மூக்கை மட்டும் நாளுக்கு ஒரு தடவை நசுக்கிவிடுங்கள். சேர்ந்த தூசு கொட்டிவிடும்.

பழைய மெசி 135இல் காற்று ஒயில் கிண்ணத்தைக் கடந்து போகும். கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றொயிலை ஊற்றிவிட்டுப் புது ஒயில் விட்டால் வேலை முடிந்தது. புழுதி உழவு நாட்களில் வாப்பாமார் அதைத் தினமும் செய்தார்கள். மெசி இன்றும் ஓடுகிறதென்றால் அதற்கு அவர்களின் அந்தக் கவனமும் காரணம், காக்கா.

நிந்தவூர் வட்டை:

அது உண்மைதான். வாப்பா மாலையில் மெசினைத் துப்புரவாக்காமல் சாப்பிட வரமாட்டார். சுற்று விடயத்தில் நீங்கள் சொன்ன விளக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் பொடியன்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டி இழுப்பதில் என் கருத்தை மாற்ற மாட்டேன். சின்ன மெசினில் நெல் மூடை ஏற்றியதாகத் தம்பி எழுதியிருக்கிறார். அதன் நிறையே ஒரு தொன் அளவுதான். பின்னால் அதைவிட இரண்டு மடங்கு பாரம். பெட்டிக்குப் பிறேக் கிடையாது. வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டி மெசினைத் தள்ளினால் என்ன நடக்கும்? இது மெசினின் ஆயுளைப் பற்றிய பேச்சில்லை, சாரதியின் ஆயுளைப் பற்றிய பேச்சு.

போரதீவுப்பற்று உழவன்:

பாரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் மறுப்பேதும் இல்லை, காக்கா. வயலிலிருந்து கட்டு வரைக்கும் சமதரையில்தான் ஏற்றுகிறேன், அதுவும் பாதிப் பெட்டி. கிறவலும் மணலும் ஏற்றிக்கொண்டு பிரதான வீதியில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு பதறுகிறது. இறக்கத்தில் கிளச்சை மிதித்து உருள விடுகிறார்கள். சின்ன கியரில் போட்டு எஞ்சினால் பிடித்து இறங்க வேண்டும், இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிறேக் மிதியையும் கொளுவியால் சேர்த்திருக்க வேண்டும். வயலில் திரும்புவதற்காகக் கழற்றிய கொளுவியை வீதிக்கு ஏறும்போது மறுபடி போடாமல் விடுவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

திருக்கோவில் விவசாயி:

நான் எழுதுவது வேறு ஒரு பக்கம். என் கணவர் இல்லாத பிறகு மெசினைச் சாரதி வைத்து உழவுக்கு விடுகிறேன். சின்ன மெசின்தான், 24 குதிரைவலு. என் அனுபவத்தில் பழுதுக்குக் காரணம் உழைப்பும் இல்லை, மெசினும் இல்லை. யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்று தெரியாமல் போவதுதான் காரணம். அதற்காக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். காலையில் மெசின் ஓடிய நேரத்தைக் காட்டுகிற மணிமானி எவ்வளவு, எவ்வளவு டீசல், கிறீஸ் அடித்ததா, றேடியேட்டர் பார்த்ததா என்று சாரதி எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும். முதலில் முகம் சுளித்தார். இப்போது நான் கேட்காமலே எழுதுகிறார்.

உத்தரவாதத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. அதுதான் எனக்கு நேர்ந்த பெரிய தொல்லை. முதல் சேவைக்கு விற்றவர்களிடம் சொன்னேன். "சீசன் நேரம், ஆள் இல்லை, நாங்களே வயலுக்கு வருகிறோம்" என்றார்கள். வரவில்லை. உழவை நிறுத்த முடியாது, மணிமானி ஏறிக்கொண்டே போனது. போகம் முடிந்து ஹைட்ரோலிக் தூக்கவில்லை என்று போனபோது, "50 மணித்தியாலச் சேவை உரிய நேரத்தில் செய்யவில்லை, உத்தரவாதம் செல்லாது" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார்கள். என் கொப்பியில் நான் தொலைபேசியில் சொன்ன திகதி, பேசியவர், அன்றைய மணிமானி எல்லாம் இருந்தன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதப் போகிறேன் என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பம்பைக் காசில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

சம்மாந்துறைக் கராஜ்:

அக்கா, நீங்கள் செய்தது எல்லோரும் செய்ய வேண்டியது. தொலைபேசியில் சொல்வதோடு குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். வாங்கும் முன்னரே கேட்க வேண்டியதும் உண்டு. சேவைக்கு வயலுக்கு வருவார்களா, வராவிட்டால் வெளிக் கராஜில் அவர்கள் சொல்கிற ஒயிலும் பில்டரும் போட்டுப் பற்றுச்சீட்டு வைத்தால் ஏற்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முன் அச்சுச் சீல், காற்றாடிப் பெல்ட், பில்டர் இவை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால், ஒரு சீலுக்காகப் போகமே போகும். குதிரைவலுவையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

மணிமானியைப் பற்றியும் ஒரு சொல். பழைய மாதிரி மணிமானி எஞ்சினின் சுற்றைத்தான் எண்ணுகிறது. குறித்த சுற்றுக்குக் கீழே ஓடினால் கடிகாரத்தில் ஒரு மணித்தியாலம் போனாலும் மானியில் அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். மின்னணு மானி அப்படியில்லை, சும்மா நின்று உறுமினாலும் முழு மணித்தியாலத்தையும் எண்ணும். பழைய மெசின் வாங்கும்போது இரண்டு மானியையும் ஒரே கணக்கில் ஒப்பிடாதீர்கள்.

கிரான் தம்பி:

போரதீவு அண்ணன், அந்த முன் அச்சுக்குள் நீர் எப்படிப் போனது? இழை அறுத்தது விளங்குகிறது. ஆனால் ஒயில் வெளியே வருகிற இடத்தால் நீர் உள்ளே போகுமா? வாகனேரிக் குளத்து வயலில் எங்கள் மெசினும் அச்சு மூழ்கத்தான் உழுகிறது.

சம்மாந்துறைக் கராஜ்:

போகும். நன்றாக உழைத்த அச்சு சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த வாய்க்கால் நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். சீல் நன்றாக இருந்து, அச்சின் மூச்சுத்துளையும் திறந்திருந்தால் மூச்சுத்துளையால் காற்று போய்விடும். மூச்சுத்துளை சேறடைத்திருந்தால் சீலின் உதட்டால்தான் உறிஞ்சும், அப்போது அங்கே நிற்பது சேற்று நீர். ஆகவே சேற்று உழவு தொடங்கும் முன்னர் மூச்சுத்துளையைக் கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கள். மாலையில் மெசினை ஏற்றியவுடன் வாய்க்காலில் இறக்கிக் கழுவாதீர்கள், ஆற விடுங்கள். கழுவிய பிறகு எல்லாக் கிறீஸ் முனைக்கும் பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும் வரைக்கும் அடியுங்கள், அதோடு நீரும் வெளியேறிவிடும்.

சந்தேகம் இருந்தால் ஓர் இரவு நிறுத்தி வைத்து, காலையில் அசைக்க முன்னர் அச்சின் அடி நட்டைச் சற்று இளக்குங்கள். நீர் ஒயிலைவிடப் பாரம், அடியில் தங்கும். முதலில் வருவது நீர்த்துளியா ஒயிலா என்று கண்ணால் பார்த்துவிடலாம். வாவிக்கரையோர வயல் என்றால் உவர் நீர், இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். வயர் இணைப்புகளையும் அப்படியே பாருங்கள்.

கரடியனாற்று மானாவாரி:

டீசலையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022இல் வரிசையில் நின்று பரலில் சேர்த்துவைத்த பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. பரலின் அடியில் நீரும் துருவும் நிற்கிறது, அதை அப்படியே கவிழ்த்து ஊற்றுகிறார்கள். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நொசில், புது மெசினில் பழையதைப் போலப் பொறுக்காது. பரலை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடி நாலு விரல் அளவை விட்டுவிட்டு மேலிருந்து எடுத்தால் போதும். மெசினின் டீசல் பில்டருக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தையும் பார்த்து, நீர் நின்றால் திறந்துவிடுங்கள்.

கிரான் தம்பி:

நன்றி. கடைசியாக ஒன்று. சேறு ஆழமான இடத்தில் புதைகிறது என்று இரும்புச் சக்கரம் பூட்டச் சொல்கிறார்கள். சின்ன மெசினுக்குப் பூட்டலாமா?

சம்மாந்துறைக் கராஜ்:

டயரைக் கழற்றிவிட்டு முழு இரும்புச் சக்கரம் பூட்டுவதானால் மெசின் செய்தவர்கள் அந்த மாதிரிக்கு அனுமதித்த அளவை மட்டும் பூட்டுங்கள், புத்தகத்தில் இருக்கும். கண்ட கடையில் வெல்டிங் செய்த அகலச் சக்கரம் அச்சுக்கு வெளியே பாரத்தைத் தள்ளும், தாங்கியும் சீலும் அதற்காகச் செய்தவை அல்ல. டயருக்குப் பக்கத்தில் பூட்டுகிற அரைச் சக்கரம் பரவாயில்லை. எதைப் பூட்டினாலும் வரம்பிலும் கிறவல் பாதையிலும் அதோடு ஏறி ஓடாதீர்கள். இரும்பு வழுக்காமல் கடிக்கிற ஒவ்வொரு அதிர்ச்சியும் கியருக்குத்தான் போகிறது. முன் சக்கர இழுவையை இறுகிய தரையில் கழற்றிவிட்டே திரும்புங்கள். இழுவை போட்டபடி திருப்பினால் முன் அச்சின் பற்கள் முறுக்கேறும். பூட்டிய முதல் நாள் மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நட்டுகளை இறுக்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன்னர் செய்துவிட்டால் மறக்காது.